கேத் லேப் இல்லாத இதய மருத்துவர்

தனியாகக் கிளினிக் நடத்தும் இதய மருத்துவரிடம் பெரும்பாலும் நான்கு கருவிகள் இருக்கும்: ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், எப்போதோ ஒருநாள் தேவைப்படும் என்பதற்காகத் தினமும் சார்ஜ் ஏற்றி வைக்கப்படும் டிஃபிப்ரிலேட்டர். ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் இருக்காது. அதற்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். எக்ஸ்ரே கதிர் புழங்குவதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். நள்ளிரவில் அழைத்தாலும் வரக்கூடிய குழு வேண்டும். இதய மருத்துவத்தில் பெரும்பணம் புழங்கும் இடம் அதுதான். அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமலேயே தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்களில் பல இதய மருத்துவர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாக நன்றாகத் தொழில் நடத்துகிறார்கள். நோயாளி அவர்களிடம் காசு கொடுத்து வாங்கிப் போவது ஒரு தீர்ப்பை. மாத்திரை போதுமா, இன்றிரவே மதுரைக்கோ கோவைக்கோ கிளம்ப வேண்டுமா, வெறும் வாயுத் தொல்லைதானா என்ற தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பைச் சொல்லும் தகுதிக்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டு, இதயவியலில் டி.எம். மூன்று ஆண்டு எனப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. நுழைவுத் தேர்வுகளுக்கான காத்திருப்பும் அரசுப் பணி ஒப்பந்தமும் இதில் சேராது. முப்பதைத் தாண்டி, வீட்டுக் கடனும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் தொடங்கிய பிறகுதான் சொந்தப் பலகை மாட்டுவது பற்றியே யோசிக்க முடிகிறது. அதே நேரத்தில் பெரிய தனியார் மருத்துவமனை ‘மினிமம் கேரன்டி’ என்ற பேச்சோடு வரும். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு மாதம் இவ்வளவு என்று உறுதி. அதன் பிறகு செய்த வேலைக்கு ஏற்ற பங்கு. இந்த வாய்ப்பை விட்டுவிட்டுக் கிளினிக் திறப்பவர் முதல் மாதத்தில் பத்துப் பேரைப் பார்த்தாலே பெரிது.

அதனால் பெரும்பாலோர் ஒரே தாவலில் தாண்டுவதில்லை. பகலில் ஒரு மருத்துவமனையில் வேலை, மாலை ஐந்து மணிக்கு மேல் சொந்தக் கிளினிக், வாரம் ஒருநாள் பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் விசிட்டிங் என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டுவார்கள். பக்கத்து ஊர் விசிட்டிங் சம்பாத்தியத்துக்கானது என்று வெளியில் தோன்றும். அந்தச் சுற்று வட்டாரத்துப் பொதுமருத்துவர்களுக்கு முகம் தெரிய வேண்டும் என்பதே அதன் உண்மையான காரணம்.

அமெரிக்காவில் இந்தத் தனித் தொழிலே சுருங்கிப்போனது. அங்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2010-ல் மருத்துவர் அலுவலகங்களில் செய்யப்படும் எக்கோ போன்ற இதயப் படச் சோதனைகளுக்கான கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்தது. அதே சோதனையை மருத்துவமனைக் கூரையின் கீழ் செய்தால் கூடுதல் பணம் கிடைத்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பல இதய மருத்துவர் குழுக்கள் தங்கள் கிளினிக்குகளை மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்குப் போயின. இங்கே புறநோயாளிச் செலவைக் காப்பீடு பெரும்பாலும் தருவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் பைபாஸ், ஸ்டென்ட் போன்ற உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நோயாளியே கையிலிருந்து கொடுக்கிறார். மக்களுக்கு இது சுமை. தனி மருத்துவரின் பிழைப்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சுற்றறிக்கையால் ஒரே இரவில் கவிழாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

இடமும் ஆளும்

கிளினிக் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாத செய்தி போலத் தோன்றும். ஆனால் மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்ற புகாரோடு வருபவரைச் செங்குத்தான பதினெட்டுப் படி ஏறவைத்து வரவேற்கும் இதய கிளினிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆட்டோ வாசல்வரை வர வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரமாக இருந்தால் கிராமத்து நோயாளி தானாக வருவார். டிரெட்மில் மோட்டாருக்குத் தக்க மின் இணைப்பும் எக்கோ கருவிக்கு யுபிஎஸ், ஏசி இரண்டும் தேவை. எக்கோ அறையில் படம் தெரிய இருட்டு வேண்டும். ஈசிஜி அறையில் மறைப்பு வேண்டும்.

ஈசிஜி எடுக்கப் பெண் ஊழியர் இல்லாத கிளினிக்கில் பெண் நோயாளிகள் குறைந்துகொண்டே போவார்கள். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை வேறிடம் போய்விடுவார்கள். மார்பில் ஆறு இடங்களில் மின்முனை ஒட்ட வேண்டிய சோதனை இது. கூச்சத்தால் ஆடையை முழுதாக விலக்காமல் ஒட்டினால் மின்முனைகள் இடம் மாறும். இடம் மாறினால் வரைபடம் மாறும். இல்லாத பழைய மாரடைப்பு இருப்பதுபோல் காட்டும். ஆகவே நல்ல பெண் டெக்னீஷியனுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்வது மருத்துவமும் வணிகமும் ஒன்றுசேர்ந்து சொல்லும் முடிவு.

அனுமதிகளின் பட்டியல் நீளம். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு. இதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. ஊசியும் பஞ்சும் கழிவாகச் சேர்வதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்து வைக்கும் ஏற்பாடு, அதை எடுத்துப்போகும் வண்டியோடு ஒப்பந்தம். எக்கோவும் அடிப்படையில் ஸ்கேன் கருவியே. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் தொடும். பதிவுச் சான்று சுவரில் தொங்க வேண்டும். ‘இங்கு கருவின் பாலினம் கண்டறியப்படுவதில்லை’ என்ற பலகையும் வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களே நிரம்பியிருக்கும் காத்திருப்பு அறையில் அந்தப் பலகை சற்று விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் பதிவில்லாமல் கருவி வாங்கினாலோ, பழையதைப் பதிவில்லாதவருக்கு விற்றாலோ, வாங்கியவர் விற்றவர் இருவருக்கும் சிக்கல்.

திரும்பி வருபவர்களின் கணக்கு

புதிதாகக் கிளினிக் திறப்பவர் புது நோயாளிகளின் எண்ணிக்கையைத்தான் எண்ணுவார். அனுபவமுள்ளவர் எண்ணுவது மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களை. கணக்கு எளிது. வாரம் பத்துப் புது நோயாளிகள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்நூறு. அவர்களில் பாதிப் பேர் ரத்த அழுத்தம், பழைய மாரடைப்பு, இதயத் தளர்ச்சி, வால்வுக் கோளாறு என நீண்டகால நோயுள்ளவர்களாக இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால், ஆண்டுக்கு ஆயிரம் வருகை. ஐந்தாம் ஆண்டு முடிவில் அப்படிச் சேர்ந்தவர்கள் 1,250 பேர், வருகை ஐயாயிரம். முந்நூறு வேலை நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினாறு, பதினேழு பேர், புதிதாக ஒருவரும் வராவிட்டாலும். தனி இதய கிளினிக்கின் அடித்தளம் இந்தப் பதினேழு பேர். பேப்பரில் விளம்பரம் கொடுத்து இவர்களைச் சேர்க்க முடியாது. நோயாளிகளை ஈர்க்க மருத்துவர் விளம்பரம் செய்வதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகள் எப்படியும் அனுமதிப்பதில்லை.

திரும்பி வரவைப்பது எது? கைராசி என்பார்கள். கைராசியைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சாதாரணமான விஷயங்கள்தான் இருக்கும். போன முறை எடுத்த ஈசிஜி இந்த முறை மேசைமேல் இருப்பது அதில் முதலாவது. ஈசிஜி தாள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். ஜவுளிக்கடைப் பையில் மடித்து, பரண்மேல் வைத்து, இரண்டு மூன்று கோடை கழித்து எடுத்தால் வெறும் கட்டம்தான் மிஞ்சும். இன்றைக்குத் தெரியும் மாற்றம் புதிதா, பத்து வருடமாக அப்படித்தானா என்ற கேள்விக்குப் பழைய வரைபடம் ஒன்றே விடை. அது இருந்தால் ஒரு வீண் ஆஞ்சியோ தவிரும். இல்லாவிட்டால் ஓர் உண்மையான மாரடைப்பு தவறிப்போகும். எடுத்த அன்றே நகலெடுத்தோ கணினியில் ஏற்றியோ வைக்கும் கிளினிக்கை நோயாளி விட்டுப் போவது கடினம். ஏனென்றால் அவருடைய இதயத்தின் சரித்திரம் அங்கே இருக்கிறது. அந்தச் சரித்திரத்தைப் பணயமாக வைத்துக்கொள்வதும் கூடாது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அதே 2002 நெறிமுறையில் உள்ள விதி.

இரண்டாவது, மாத்திரைச் சீட்டு. ஒரே மருந்து ஐந்து பெயர்களில் விற்கும் நாட்டில், மருந்துக்கடைக்காரர் மாற்றிக் கொடுத்த அட்டையையும் பழைய அட்டையையும் சேர்த்துப் போட்டு, ஒரே மருந்தை இரட்டை அளவில் விழுங்கித் தலைசுற்றி விழுந்தவர்களின் கதை ஒவ்வொரு கிளினிக்கிலும் உண்டு. “மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, சீட்டு வேண்டாம், அட்டையோட வாங்க” என்று சொல்லி, மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எது காலை எது இரவு என்று தமிழில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஐந்து நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. நாற்பது பேரைத் தலைக்குப் பத்து நிமிடம் பார்த்தாலே ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகிவிடும். அதனால் இந்த வேலையைப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரிடம் ஒப்படைக்கும் கிளினிக்குகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் தானே செய்யும் மருத்துவர் இரவு பதினொன்றரைக்கு வீடு திரும்புகிறார்.

இதயத் தளர்ச்சி நோயாளிகளிடம் இந்தத் தொடர்கவனிப்பின் பலன் நேரடியாகத் தெரியும். நான்கு வகை மருந்துகளைச் சிறு அளவில் தொடங்கி, ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். அந்த நான்கில் ஒன்றான டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-ல் இந்தியாவில் காலாவதியாகி விலை சரிந்ததும், நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கும் அது எட்டியது. காலையில் எழுந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்வதும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யச் சொல்வதும் செலவில்லாத மருத்துவம். ஆனால் போனை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

ஐஎன்ஆர் நாள்

மேலைநாட்டுக் கிளினிக்கில் அரிதாகவும் தமிழ்நாட்டுக் கிளினிக்கில் வழக்கமாகவும் காணப்படுபவர்கள், சிறுவயதில் வந்த கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஏழைகள். தொண்டைப்புண் மீண்டும் வந்து வால்வை மேலும் கெடுக்காமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் ஒரு பகுதி. வால்வு மாற்றிய பின் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட வேண்டியவர்கள் இன்னொரு பகுதி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இறக்குமதி வால்வுக்கு வழியில்லாத பலரை வாழவைத்தது. இரவில் ஊர் அடங்கியபின் தன் வால்வு ‘டிக் டிக்’ என்று அடிப்பதைக் கேட்டபடி தூங்கப் பழகியவர்கள் இவர்கள்.

இவர்கள் போடும் வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரைகளின் அளவு சற்றுக் குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு; சற்றுக் கூடினால் மூளையில் ரத்தக்கசிவு. ஐஎன்ஆர் என்ற ரத்தச் சோதனையைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு இதழ் வால்வான மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் அந்த எண் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரை அதிகம் சாப்பிட்டால் குறையும், சில ஆன்டிபயாடிக் போட்டால் கூடும், ஆடி மாதக் கூழும் முருங்கைக்கீரையுமாகப் பத்து நாள் போனால் அதுவும் தெரியும். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் தாறுமாறானவர்களுக்குப் பழைய வகை மாத்திரையே மேல் என்று 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ஆக, கிளினிக்கில் வாரம் ஒருநாள் ‘ஐஎன்ஆர் நாள்’ என்று ஒதுக்குவது தொடரத்தான் வேண்டும். வருமானக் கணக்கில் அது மிக மெலிந்த நாள். ஆலோசனைக் கட்டணத்தைப் பலர் அன்று பாதியாக்குவார்கள், சிலர் வாங்கவே மாட்டார்கள்.

அந்த நாளை விட்டுவிடும் கிளினிக் எதை இழக்கிறது என்பது பிறகுதான் தெரியும். திருமணமான பெண் ஒருத்திக்கு உலோக வால்வு. கருவுற்ற ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம்வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். நிறுத்தினால் தாயின் வால்வு அடைபடக்கூடும். மாதவிலக்கு தள்ளிப்போன முதல் வாரத்திலேயே அவள் வந்து சொல்ல வேண்டும். மாதாமாதம் போய்ப் பழகிய இடமாக, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊழியர் இருக்கும் இடமாக இருந்தால் மட்டுமே அவள் வந்து சொல்வாள். அவள் மூலம் மாமியாரும், மாமியார் மூலம் அந்தத் தெருவும் வருவது அடுத்த கணக்கு.

டோக்கன் வரிசையில் மாரடைப்பு

மாரடைப்பு வந்தவர் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்குத்தான் போவார் என்று நினைப்பது தவறு. “நெஞ்சு கரிக்குது, ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான்” என்று சொல்லிக்கொண்டு, பைக் ஓட்டிக்கொண்டே கிளினிக்குக்கு வந்து, முப்பத்தி ஏழாம் நம்பர் டோக்கன் வாங்கி, மூலையில் வியர்த்து உட்கார்ந்திருப்பவர் உண்மையான ஆள். தனி கிளினிக்கின் மிகப் பெரிய ஆபத்து அந்த நாற்காலியில் இருக்கிறது. எனவே வரவேற்பறையில் இருப்பவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் இதுதான்: நெஞ்சு, தாடை, இடது கை, மேல்வயிறு, திடீர் வியர்வை, திடீர் மூச்சிரைப்பு என்று எந்தச் சொல் வந்தாலும் டோக்கனை மறந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. அவருக்கு முன்னால் காத்திருப்பவர் எம்.எல்.ஏ.வின் மாமனாராக இருந்தாலும் சரி. சர்க்கரை நோயாளிக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் வரலாம் என்பது இரண்டாம் பாடம். முதல் ஈசிஜி சரியாக இருப்பதும், வலி தொடங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்த ட்ரோபோனின் என்ற ரத்தச் சோதனை சரியாக இருப்பதும் ஆளை வீட்டுக்கு அனுப்பப் போதுமானவை அல்ல.

மாரடைப்பு உறுதியானால் கிளினிக் செய்வது குறைவு, ஆனால் வேகம் முக்கியம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை மொத்த அளவில் கொடுப்பது ‘லோடிங் டோஸ்’. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் இதே மூன்று மருந்துகளைத்தான் பதினான்கு மாத்திரைகளாக ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைத்தார்கள். அடுத்த கேள்வி தூரம். ஸ்டென்ட் வைக்கும் இடத்துக்குப் போய் அடைப்பைத் திறக்க இரண்டு மணி நேரத்துக்குள் முடியுமானால் நேரே அங்கே. முடியாதென்றால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, மூன்று மணி நேரத்துக்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் இடையில் ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. பக்கத்தில் கேத் லேப் இல்லாத ஊரில் இரண்டாவது வழியே பெரும்பாலும் நடைமுறைக்கு உகந்தது.

இந்த இரண்டாம் வழி ஏழைகளுக்கான சமாதானம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஆஞ்சியோ வசதியுள்ள நான்கு மைய மருத்துவமனைகளையும், அவற்றைச் சுற்றியுள்ள சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்சாலும் தொலைவழி ஈசிஜியாலும் இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் இந்த ஏற்பாட்டுக்கு முன் 17.6 விழுக்காடு, பின் 14.2. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசரி உள்ளிட்டோரின் அந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அதிலிருந்து தனி கிளினிக் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரடியானது. ஊசி போடும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுள்ள உள்ளூர் மருத்துவமனை ஒன்றோடும், தொலைவிலுள்ள கேத் லேப் ஒன்றோடும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எந்த எண்ணை அழைப்பது, ஈசிஜியை யாருக்குப் படமெடுத்து அனுப்புவது, 108 தாமதமானால் எந்த வண்டி என்பதெல்லாம் வரவேற்பறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முப்பத்தி ஏழாம் டோக்கன்காரர் மயங்கி விழுந்தபின் எண் தேடும் கிளினிக்கின் பெயர் ஊரில் ஒரே வாரத்தில் கெடும்.

டிரெட்மில்லின் சபலம்

ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காடு அளவுக்காவது இதயத் துடிப்பை எட்டவைப்பது வழக்கம். ஆபத்து அரிது, ஆனால் உண்டு. அதனால்தான் டிஃபிப்ரிலேட்டர் அதே அறையில் நிற்கிறது. பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கி, அதனால் தொந்தரவும் உள்ளவரை நடக்கவிடக் கூடாது என்பதால், முதலில் எக்கோ பார்த்துவிட்டுப் பிறகு டிரெட்மில் என்ற வரிசையை இங்குள்ள பலர் கடைப்பிடிக்கிறார்கள். நல்ல வழக்கம். இரண்டுக்கும் கட்டணம் உண்டு என்பது தற்செயல் அல்ல.

இந்தச் சோதனை யாருக்குப் பயன் என்பதில்தான் கிளினிக்கின் குணம் வெளிப்படும். நடந்தால் நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது என்று சொல்லும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்குச் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றால் அதற்குப் பொருள் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அதே ‘பாசிட்டிவ்’ பெரும்பாலும் பொய். நோய் இருக்க வாய்ப்புக் குறைந்தவர்களிடம் எந்தச் சோதனையைச் செய்தாலும் தவறான எச்சரிக்கை கூடும். இது மருத்துவத்தைவிடக் கணிதம். பொய்யான ‘பாசிட்டிவ்’ அடுத்து ஆஞ்சியோவுக்கு வழிகாட்டும். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பால் இறந்ததும் பெங்களூரு மருத்துவமனைகளில் இதயப் பரிசோதனைக்கு இளைஞர் கூட்டம் முண்டியடித்தது. அப்படியான வாரங்களில் ‘மாஸ்டர் செக்கப்’ பலகை மாட்டிக் கல்லாவை நிரப்புவது சுலபம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடும்ப வரலாறு என்று ஐந்து கேள்வி கேட்டு, “டிரெட்மில் வேண்டாம், சிகரெட்டை விடுங்க” என்று திருப்பி அனுப்பினால் அன்றைய வரவு குறையும்.

குறைந்தால் என்ன என்று கேட்க எக்கோ கருவியின் மாதத் தவணை விடுவதில்லை. கருவி பல லட்சம். பெரும்பாலும் கடனில் வருவது. தவணையைக் கட்ட மாதம் இத்தனை எக்கோ என்ற எண் மருத்துவரின் தலைக்குள் ஏறிவிட்டால், எழுதும் சீட்டு மெல்ல மெல்ல அந்த எண்ணுக்கு வளையும். மருத்துவருக்கே தெரியாமல் வளையும் என்பதுதான் மோசம். இதற்குப் பழைய ஆட்கள் சொல்லும் வழி: முதல் இரண்டு ஆண்டுகள் எக்கோவைச் சொந்தமாக வாங்காமல் ஒரு ஸ்கேன் மையத்தில் போய்ப் பார்ப்பது, கூட்டம் தானாகச் சேர்ந்தபின் வாங்குவது. வாங்கும்போதும் கடையில் இருப்பதிலேயே உயர்ந்த மாடல் தேவையில்லை. வால்வும் சுவர் அசைவும் தெளிவாகத் தெரிந்தால் போதும். எக்கோ கருவிக்கு உண்மையான வேலையை உள்ளூர் அறுவை மருத்துவர்களே நிறையத் தருவார்கள். குடலிறக்கம், கர்ப்பப்பை, மூட்டு மாற்று என எந்த ஆபரேஷனுக்கும் முன் ‘கார்டியாக் ஃபிட்னஸ்’ கேட்பது வழக்கமாகிவிட்டது. அவற்றிலும் கண்புரை போன்ற சிறு சிகிச்சைக்கு எக்கோ தேவையில்லை என்று சொல்லத் தயங்காதவருக்கு, கடினமான நோயாளி வரும்போது அதே அறுவை மருத்துவர் முதலில் போன் செய்வார்.

கமிஷனும் கணக்கும்

நோயாளியை அனுப்புவதற்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் 2002 நெறிமுறையின்படி குற்றம். நடைமுறை வேறு. ஆஞ்சியோவுக்கு அனுப்பிய கிளினிக்குக்கு ‘மரியாதை’ என்ற பெயரில் கவர் வருவதும், பொதுமருத்துவர் அனுப்பிய நோயாளிக்குக் கிளினிக்கிலிருந்து கவர் போவதும் ஊரறிந்த ரகசியம். ஒழுக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் தொழிலாகப் பார்த்தாலும் இது நஷ்டம். கவருக்காக ஒரே மருத்துவமனைக்கு அனுப்புபவர், அங்கே சிகிச்சை சரியில்லை என்று தெரிந்தபின்னும் அனுப்ப வேண்டியிருக்கும். தீர்ப்பை விற்றுப் பிழைப்பவருக்குத் தீர்ப்பு அடமானம் போனால் கையில் என்ன இருக்கும்? கவர் வாங்காதவர், ஒரு நோயாளியை அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அடுத்தவரைத் தனியாருக்கும் அவரவர் காப்பீட்டு அட்டை, நோய், வீட்டு நிலைமை பார்த்து அனுப்பலாம். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவிலை வைத்தபின், பில்லில் ஸ்டென்ட் விலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பவும் அவரால் முடியும்.

ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் கைத்திறனை விட மனமில்லாதவர்கள், வெளி மருத்துவமனையின் கேத் லேபைப் பயன்படுத்தித் தங்கள் நோயாளிக்குத் தாங்களே செய்வார்கள். மருத்துவமனை தன் பில்லில் ஒரு பங்கை, 10 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொண்டு, கட்டணமாகத் தரும். இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ஆண்டுக்குச் சராசரியாக ஐம்பதாவது செய்தால்தான் கை பழக்கத்தில் இருக்கும் என்று அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2013-ல் வகுத்தன. மாதம் ஒன்று செய்பவர் அதை விட்டுவிட்டுத் தேர்ந்தவரிடம் அனுப்புவது நோயாளிக்கு நல்லது.

வரிக் கணக்கில் இரண்டு செய்திகள் போதும். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனாலேயே கருவி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறவும் வழியில்லை, அது விலையோடு சேர்ந்துவிடும். வரவில் பாதியை லாபமாகக் காட்டிக் கணக்குப் புத்தகத் தொல்லையிலிருந்து தப்பும் வசதி சிறிய கிளினிக்குக்கு உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. 1962 வருமான வரி விதிகள் எக்கோ கருவியான கலர் டாப்ளரை உயிர்காக்கும் கருவியாகக் கருதி 40 விழுக்காடு தேய்மானம் கொடுத்தன. புதிதாகக் கருவி வாங்கிய ஆண்டில் முறையான கணக்கு வைப்பதே பெரும்பாலும் லாபம். கட்டணத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதி மாட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மாட்டியிருக்கும் கிளினிக்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அதிலிருந்து தொழில்முறைக் காப்பீடு இல்லாத இதய கிளினிக் இருப்பது அறிவீனம். கிளினிக்கைத் தாக்குவோர்மீது நடவடிக்கைக்குத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் எண் சட்டம் இருக்கிறது. எழுதி வைத்த நேரம்தான் இரண்டு இடத்திலும் காப்பாற்றும்: நோயாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு ஈசிஜி, எத்தனை மணிக்கு மாத்திரை, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது குடும்பத்தார் என்ன பதில் சொன்னார்கள். “நாளைக்குப் பங்குனி உத்திரம், முடிச்சுட்டுப் போறோம்” என்றால் அதையும் அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பூட்டிய கதவு

தனி ஆளாக நடத்தும் கிளினிக்கின் பலவீனம் அந்தத் தனி ஆள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கதவு பூட்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊட்டிக்குப் போனால் கைப்பேசி கூடவே வரும். இரண்டு இதய மருத்துவர்கள், வேறு வேறு கிளினிக் வைத்திருந்தாலும், ஒருவர் இல்லாதபோது மற்றவர் பார்ப்பது என்று பேசிக்கொண்டு, நோயாளியைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் ஏற்பாடு சில ஊர்களில் பல ஆண்டுகளாக நடக்கிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம். ஒருமுறை மீறினால் முடிந்தது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் போன்வழி ஆலோசனைக்குச் சட்ட இடம் கொடுத்து, அதற்குக் கட்டணம் வாங்கவும் அனுமதித்தன. வாட்ஸ்அப்பில் நள்ளிரவு பன்னிரண்டுக்கு வரும் ஈசிஜி படத்துக்குக் கட்டணம் கேட்க இன்னும் பலருக்கு நா எழுவதில்லை.

அறுபத்தைந்து வயதுக்கு மேல் கிளினிக்கைக் கைமாற்றும்போது விலை பேசப்படுவது கட்டடத்துக்கும் கருவிக்கும். பத்து வருடக் கருவிக்குப் பழைய இரும்பு விலைதான். வாங்குபவர் உண்மையில் வாங்குவது அலமாரியில் இருக்கும் கோப்புகளை, ஆனால் அவற்றை விற்க முடியாது. நோயாளி விரும்பினால்தான் புதியவரிடம் வருவார். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் விலகுவதற்கு ஓராண்டு முன்பே இளையவர் ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, வருபவர்களுக்கு முகம் பழக்குவார்கள். முதலில் ஒப்படைக்கப்படும் கட்டு ஐஎன்ஆர் நோயாளிகளுடையது. அவர்களால்தான் ஒரு மாதம்கூடக் காத்திருக்க முடியாது.